சார் சொல்லட்டும் என்று

மேடையில் தலைமையாசிரியை. அடுத்து பெற்றோர் சங்கத் தலைவர். அடுத்து நாற்காலி வாங்கிக் கொடுத்த ஏலக்காய் வியாபாரி. கடைசியில் சிறப்பு விருந்தினராக சார். கீழே பன்னிரண்டு முடித்த பிள்ளைகள், அதில் என் மகள். பின்னால் சுவரோரம் நான்.

சார் கழுத்தில் ஏலக்காய் மாலை. போடியில் பெரிய மனுசருக்கு அதுதான் மரியாதை. ஃபேன் காற்றில் வாசம் சுவர் வரைக்கும் வந்தது. மற்றவர்களுக்குப் பாயசம் ஞாபகம் வரும். எனக்கு ஒரு பழைய லீவு ஞாபகம் வந்தது.

"குரங்கணி மலையிலருந்து செருப்பில்லாம நடந்து வந்து படிச்சவன் நான்," என்றார் சார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நானும் தட்டியிருக்கிறேன், இதே பள்ளிக்கூடத்தில். அப்போது சாருக்கு முடி கறுப்பு. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் உத்தியோகம். "வழி தெரியலயா? லீவுல இங்க போடி வீட்டுக்கு வாங்க, நானிருக்கேன்," என்றார். எனக்கு நர்சாகணும். எங்கள் வீட்டில் பத்தைத் தாண்டினதே நான்தான். யாரைக் கேட்பது? தோழிகளோடு போனேன்.

வெறுங்கையோடு போகக் கூடாதாம். அம்மாவுக்கு ஏலக்காய்க் கடையில் தரம் பிரித்துக் காய் பொறுக்கும் கூலி வேலை. முதல் தரமாகக் கேட்டு வாங்கினாள். முதலாளி கூலியில் கழித்துக்கொண்டார். விரல் புண்ணாகக் கோர்த்தேன். மாலை போட்டுவிட்டால் சார் நமக்குச் சொந்தம் என்று நினைப்பு. என் புத்தி அவ்வளவுதான்.

சார் மாலையிலிருந்து ஒரு காயைப் பிய்த்து, நகத்தால் கீறி, விதை கறுப்பா என்று பார்த்தார். "நல்ல காய்தான்." அவர் மனைவி எங்கள் எதிரிலேயே நூலை அறுத்து டப்பாவில் உதிர்த்துக்கொண்டார்.

பிறகு சார் நடந்த கதை. உள்ளேயிருந்து அவர் அக்கா குரல் வந்தது: "ஏப்பு, உன்னய அப்பா ஜீப்புலயில்ல கொண்டாந்து விட்டாரு? நடந்தது நானு."

"நீ உன் சோலியப் பாருக்கா."

நாங்கள் சிரிக்கவில்லை. சிரித்தால் சீட்டு போய்விடுமே.

லீவு முழுக்கப் போனோம். பரண் துடைத்தோம். திரைச்சீலை துவைத்தோம். "நம்ம வீட்டுப் பிள்ளைக மாதிரி," என்பார் சார் வீட்டம்மா. அப்ளிகேஷன் பற்றிக் கேட்டால் சார், "அவசரப்படாத ஆத்தா. கண்ட காலேசுக்கும் போட்டுறாத. நான் சொல்றப்ப போடு," என்பார்.

"வெரசா எழுதிப் போடுடி," என்றாள் அம்மா. சார் சொல்லட்டும் என்று அவள் வாயை அடைத்தேன்.

ஒரு காலையில் போனால் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் குடியிருந்த சாரின் அக்கா எட்டிப் பார்த்தார். "தம்பி மெட்ராசுக்குப் போயிட்டானே. ஒங்ககிட்டச் சொல்லலியா?"

எஸ்டிடி பூத்திலிருந்து போன் போட்டேன். "எந்தப் பொண்ணு?" என்றார் சார். அந்த வாரம் கடைசித் தேதி போனது. அடுத்த மாசம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கினேன். இன்னும் அதே சோலிதான்.

கூட்டம் முடிந்ததும் சாரைச் சுற்றிப் பெற்றவர்கள். மகள் கையைப் பிடித்தேன். "அவருகிட்டப் போயி நிக்காத."

"எதுக்கு நிக்கணும்? போன வாரமே போன்ல அப்ளிகேஷன் போட்டுட்டேன்மா. அந்தாளு என்னா அளப்பு அளக்குறாரு!"

பூத்து இப்போது செல்போன் கவர் விற்கும் கடை. அக்கா செத்துப்போனார். நர்சைக் கண்டால் எனக்கு வந்துகொண்டிருந்த ஏக்கமும் எப்போதோ நின்றுவிட்டது. அந்த லீவில் சாரை நம்பி எங்குமே எழுதிப்போடாமல் இருந்தவர்கள், என்னோடு சேர்த்து, நாலு பேர்.