எண்ணெய்ச் சட்டி வைக்காத வீட்டுக்கு வந்த தட்டு

இன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் காலிங் பெல் அடித்தது!

அடித்தது என் மனைவி சுமதி. (சாவி அவள் ஹேண்ட்பேக்கில்தான் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.)

இந்த ஈமெயில் குழு நண்பர்களுக்கு ஒரு விஷயம். அப்பா போய் நாலு மாசம் ஆகிறது. ஈரோட்டில், ஜூலையில்.

நான் போகவில்லை. கிரீன் கார்டு பேப்பர் பாதியில் நிற்கிறது, இப்போது நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப வருவது நிச்சயமில்லை என்றார் வக்கீல். தம்பிதான் கொள்ளி வைத்தான்.

ஆபீஸில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு கார்டு கொடுத்தார்கள். சான் ரமோன் நண்பர்கள் போனில் "டேக் கேர் டா" என்றார்கள். மறுநாளே Y2K மீட்டிங்!

சாவு வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. முறுக்கு, அதிரசம் எதுவும் சுடக் கூடாது.

ஆனால் ஊரில் யாரும் அந்த வீட்டைச் சும்மா விட்டுவிட மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் சுட்டதெல்லாம் தட்டுத் தட்டாக வந்துவிடும்.

இந்த வருஷம் தீபாவளி ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. (ஒரு லீவு மிச்சம்!) ஃப்ரீவேயில் ரெண்டு எக்ஸிட் தள்ளி இருக்கும் ராதிகா, ஸ்ரீதர் வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகிற விருந்து.

ஸ்ரீதர் போன வாரமே போன் பண்ணினான். "உங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லல்ல, அதான்டா கூப்பிடல. தப்பா எடுத்துக்காத."

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்றேன். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

இன்று காலையில் எழுந்ததும் காலிங் கார்டை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே ராத்திரி.

"பொழுதுக்கும் கொண்டாந்து குடுத்துட்டே இருக்கறாங்க கண்ணு. வெக்க எடமில்ல. உனக்கு அங்க யாரு கொண்டாந்து குடுத்தாங்க?"



"இங்கயும் நெறைய வந்துச்சும்மா. ஃபிரிட்ஜே கொள்ளல" என்றேன். (பொய்! ஃபிரிட்ஜில் பால், தயிர், பாதி வெங்காயம்.)

சுமதி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டுக் கார் சாவியை எடுத்தாள்.

"நான் ராதிகா வீட்டுக்குப் போய்ட்டு வந்தர்றேனுங்க. நீங்க வர வேண்டாம்."

எனக்கு வந்ததே கோபம்! என் அப்பாதானே செத்தார், உனக்கென்ன, நீ போய்க் கொண்டாடு என்று வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

மத்தியானம் தனியாக உட்கார்ந்து தயிர்சாதமும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் சாப்பிட்டேன். தீபாவளிக்குத் தயிர்சாதம்! டிவியில் ஃபுட்பால் ஓடியது. யார் ஜெயித்தார்கள் என்று தெரியாது.

ஊரில் துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் "எப்படி ஆச்சு?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். தம்பி அத்தனை பேருக்கும் சொல்லிச் சொல்லி, அழுது கொஞ்சமாவது ஆறியிருப்பான். என்னிடம் இந்த ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை.

அப்போதுதான் பெல்.

கதவைத் திறந்தால் சுமதி. முகமெல்லாம் எண்ணெய் வழிகிறது. கையில் எவர்சில்வர் தட்டு, மேலே ஞாயிற்றுக்கிழமை பேப்பரின் கூப்பன் பக்கம் மூடியிருக்கிறது.

"சாவி என்னாச்சு? தொலைச்சுட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. உள்ளேயும் வரவில்லை.

"இந்த வருஷம் உங்க வீட்டுல எண்ணெய்ச் சட்டி வெக்கலைன்னு சொன்னாங்க. அதான், எங்கூட்டுல சுட்டதைக் கொண்டாந்தனுங்க."

காலையிலிருந்து ராதிகா வீட்டு அடுப்பில் நின்று முறுக்கும் அதிரசமும் சுட்டிருக்கிறாள்!

வந்தவள் தட்டை மேஜையில் வைத்தாள். எப்போதும் காலை மடக்கிச் சாய்ந்து உட்காரும் அதே சோபாவில், விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்தாள்.

"பெரியவருக்கு என்னங்க ஆச்சு?"

"உனக்குத் தெரியாதா சுமதி?"

"தெரியாதுங்க. சொல்லுங்க."



"நல்லாத்தானுங்க இருந்தாரு" என்றேன். என்னையறியாமல் அவளை "ங்க" போட்டுப் பேசுகிறேன்!

"காலைல காபி குடிச்சுட்டு பேப்பர் படிச்சிருக்காரு. நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதுன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்காரு. தம்பி போய் ஆட்டோ கூட்டிட்டு வர்றதுக்குள்ள..."

அதற்கு மேல் முடியவில்லை. "நான் போகலீங்க. மூத்தவன் நான் போகலீங்க" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு மாசத்து அழுகை.

அவளும் அழுதாள். ஆனால் எழுந்து வந்து சமாதானம் சொல்லவில்லை. முழுசாகக் கேட்டாள்.

அப்புறம் ராதிகா போன் பண்ணினாள். "எங்களுக்கு இந்த வழக்கம் தெரியாதுங்க. பண்டிகை இல்லாத வீட்டுக்கு ஸ்வீட் குடுத்தா தப்பாயிடும்னு நெனச்சுதான் சும்மா இருந்தோம். சுமதி வந்து சொன்னப்புறம் எனக்கு ரொம்பக் கஷ்டமாயிடுச்சு."

பாவம், அவர்கள் மேல் என்ன தப்பு? சொல்லாமல் எப்படித் தெரியும்? கேட்டு வாங்குகிற விஷயமா இது?

முறுக்கில் உப்பு ஒரு கல் தூக்கல். (அவளிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!) அதிரசம் அருமை. நாலு சாப்பிட்டேன்.

இந்தக் குழுவில் வேறு யார் வீட்டிலாவது இந்த வருஷம் பண்டிகை இல்லையா?

எங்கள் பே ஏரியாப் பக்கமாக இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். பலகாரம் கொண்டுவர முடியாது, எங்களுக்கு இன்னும் வருஷம் திரும்பவில்லை.

வெறுங்கையோடு வருகிறேன். என்ன ஆச்சு என்று நீங்கள் சொல்லுங்கள், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.