நாகரத்தினம் சேரின் மகளுக்குக் கடைசித் தடவை

சண்முகவடிவு டீச்சருக்குக் கோபமே வராது என்று ஹட்டன் பக்கத்துப் பெற்றோர் சொல்வார்கள். பாவம், தெரியாது. பதினாறு வயதில் வந்த கோபத்தைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருப்பவர் அவர்.

அந்த வயதில், தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வந்து, சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்து, உயர்தரத்தில் உயிரியல் படிக்கவேண்டும் என்று போய் நின்றார். வகுப்பாசிரியர் நாகரத்தினம் சேர் வகுப்பே கேட்கும்படி, "லயத்துப் புள்ளைக்கு எதுக்கு பயோ? ஆர்ட்ஸ்ல போடு, போதும்" என்றார். வகுப்பு சிரித்தது.

அவர் பட்டம் வாங்கி, தொழில் வழிகாட்டல் ஆசிரியையானது உழைப்பால் என்று ஊர் சொல்கிறது. வன்மத்தால் என்பதே சரி. சேர் 'உருப்படாது' என்று ஒதுக்கிய பிள்ளைகளாகத் தேடிப்பிடித்து, எதில் கை ஓடுகிறது, எதில் மனசு நிற்கிறது என்று துருவிக் கேட்டு வழி காட்டினார். கொழும்புக் கடைக்கு எடுபிடி வேலைக்குப் போகவிருந்த நிரோஷன் இன்று பொல்பிட்டிய மின்நிலையத்தில் எலக்ட்ரீஷியன். ஒவ்வொருவனுக்கும் வேலை கிடைக்கும்போது டீச்சருக்கு அன்றைக்கு இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்கும்.

ஒரு மழை நாளில் சேரே வந்தார். ஓய்வுபெற்று டவுனில் டியூஷன் நடத்துகிறார். கூடவே மகள் தக்ஷிகா.

"டீச்சர், பயோ ரெண்டு தடவை சறுக்கிருச்சு. இதுதான் கடைசித் தடவை. இப்போ பாத்து வேற பாடம் செய்யப்போறேன்னு நிக்கிறா. நீங்க சொன்னா கேப்பா. பயோவே எழுதச் சொல்லுங்க." பிறகு, சும்மா கேட்பதுபோல், "நீங்க எந்தத் தோட்டம்?"

சேருக்கு ஆளை அடையாளமே தெரியவில்லை!

பழிவாங்க ஒரு சொல் போதும். 'சரிங்க சேர்.' பெண் மூன்றாவது தடவையும் மூழ்குவாள், அதற்குமேல் எழுத விடமாட்டார்கள், பல்கலைக்கழகக் கதவு மூடும், சேர் டவுனில் தலைகுனிந்து நடப்பார். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மூழ்கப்போவது சேர் இல்லையே.

"உனக்கு என்னாம்மா புடிக்கும்?"

"தவளைய வெட்டுனா மயக்கம் வருது டீச்சர். லோ, சட்டம் படிக்கணும். அப்பாவோட வாதாடி வாதாடி நல்ல பழக்கம்."

வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த பெற்றோருக்கும் கேட்கும்படி டீச்சர் குரலை உயர்த்தினார். "ஆர்ட்ஸ்ல போடுங்க சேர். போதும்."

சேர் முழித்தார். "என்னா டீச்சர், இப்பிடிப் பேசுறீங்க?"

"நீங்க எனக்குச் சொன்னதுதான் சேர். லயத்துப் புள்ளைக்கு எதுக்கு பயோன்னு."

"அப்பிடியா? நெறையப் பேருக்குச் சொல்லியிருக்கேனே" என்றார் அவர், யோசித்தபடி.

தக்ஷிகா அரசியல் விஞ்ஞானமும் அளவையியலும் தமிழும் எழுதினாள். சட்டபீடம் கிடைத்தது. சேரோ பஜாரில் கடை கடையாக ஏறி, "லோ படிக்கச் சொன்னதே நான்தான்" என்று லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்று டீச்சர் வீட்டுக்கும் வந்தது. அதைக் காக்கைக்குப் போட்டார்.

நன்றி சொல்ல வந்த தக்ஷிகாவிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தார். "ஒனக்கு ஒரு தம்பி இருக்கான்ல? என்னா படிக்கிறான்?"

"மெத்ஸ் டீச்சர். அப்பாவுக்கு அவன எஞ்சினியர் ஆக்கணும்."

"அவனுக்கு என்னா புடிக்கும்?"

"சமையல்."

டீச்சர் கதிரையை இழுத்துப் போட்டார். "நாளைக்கு அவனக் கூட்டிட்டு வா."