ஐவிக் கொடியும் தென்சுவரும்

மாலக்கி டூஹியின் மேய்ச்சல் நிலத்தில் ஒரு கோட்டை வீடு நின்றது. வீடு அரசாங்கத்துடையது, காவல் பொறுப்பும் சாவியும் மட்டும் அவர் அப்பா காலத்திலிருந்து டூஹி குடும்பத்துக்கு; சாவி டூஹி வீட்டு ஆணியில் தொங்கியது. நானூறு வருஷத்துக்கு முன்னால் அதைக் கட்டியவனுக்கு இரண்டு மனசு. மேலே வெளிச்சத்துக்குப் பெரிய ஜன்னல்கள், கீழே துப்பாக்கி நீட்டச் சின்னத் துளைகள். வாசலுக்கு நேர் மேலே, வருகிறவன் தலையில் கல்லைப் போட ஒரு மாடம். விருந்துக்கும் வேண்டும், சண்டைக்கும் வேண்டும்.

பீரங்கிக்கு அசையாத தென்சுவரை மாலக்கி ஒரு ரம்பத்தால் சாய்த்துவிட்டார். சுவரில் கொடி படர்ந்து ஜன்னலே தெரியவில்லை என்று பார்க்க வருகிறவர்கள் குறைபட்டார்கள். கை வைக்கக் கூடாதென்ற உத்தரவை மீறி, தொடைப் பருமனிருந்த ஐவிக் கொடியை அடியோடு அறுத்தார். சுண்ணாம்பு உதிர்ந்த சுவரை அந்தக் கொடிதான் பிடித்திருந்தது என்பது குளிர்காலப் புயலில் தெரிந்தது. புகைக்கூண்டோடு சுவர் சரிந்தது.

சுவர் விழுந்ததற்கு ஊரோ பக்கத்துப் பண்ணை ஃபெஸ்டியைப் பிடித்துக்கொண்டது. கோட்டைக் கல்லை எடுத்தவன் விளங்கமாட்டான் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஃபெஸ்டி போன வருஷம் கோட்டையடியில் கிடந்த மூலைக்கல் ஒன்றைத் தன் வாசற்படியாகப் போட்டிருந்தார்.

"என்ன ஃபெஸ்டி, அடுத்தது கோயில் சுவரா?" என்று மதுக்கடையில் கேட்டுச் சிரித்தார்கள். மாலக்கி தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நெஞ்சு உறுத்தியது, சொன்னால் சாவி போய்விடுமே.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபெஸ்டி டிராக்டரில் அந்தக் கல்லோடு மாலக்கியின் நிலத்துக்கு வந்தார்.

"ஊர்ல ஒருத்தன் பாக்கியில்லாம ஏசிட்டான். நீ ஒருத்தன்தான் ஒண்ணும் சொல்லல மாலக்கி."

மாலக்கிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "கல்லைத் திருப்பிக் கொண்டு போ ஃபெஸ்டி. இதனால விழல. கொடியை அறுத்தது நான்தான்."

"தெரியும். ரம்பம் யாரோடது?"

ஃபெஸ்டியிடம் இரவல் வாங்கியதுதான்.

"பின்ன ஏண்டா வாயை மூடிட்டிருந்தே?" என்றார் மாலக்கி.

"சொன்னா உன் சாவியைப் பிடுங்கிடுவானுங்க. அதை வச்சுத்தானே நீ மனுசனா நடமாடுறே."

"அப்ப இந்தக் கல்லு?"

"இது என்னுது இல்லையே. கல்லை எடுத்தது நான் செஞ்ச தப்பு, கொடியை அறுத்தது நீ செஞ்சது. பேசிட்டே நிக்காம ஒரு கை பிடி, கனக்குது."

மாலக்கி குனிந்து பிடித்தார். அவன் நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. மறுநாள் காலை ஆணியிலிருந்து சாவியைக் கழற்றிக்கொண்டு, நடந்ததை அரசாங்க ஆபீசில் சொல்ல டவுனுக்குப் பஸ் ஏறினார்.