பதினோரு பேருக்கு ஒரே காய்ச்சல்

அறுபதுகளின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் மலேரியா ஒழிப்பு யூனிட் ஒன்றில் நான் தலைமை எழுத்தர். நோய் குறைந்துகொண்டே வந்தது. நோய் குறைந்தால் நிதியும் குறையும். கடைசியாக வந்த உத்தரவு தெளிவாக இருந்தது: மூன்று மாதத்துக்குள் யார் ரத்தத்திலும் கிருமி தென்படாவிட்டால் யூனிட் கலைக்கப்படும், தற்காலிக ஊழியர்கள் வீட்டுக்குப் போகலாம். அதே உத்தரவில் பயணப்படியையும் நிறுத்தியிருந்தார்கள். ரத்தம் தடவும் கண்ணாடித் துண்டுகளை மட்டும் கேட்டதற்கு மேலேயே அனுப்பியிருந்தார்கள்.

மீமிசல் பக்கத்துக் கிராமங்களுக்கு ஒரு கள ஊழியர் இருந்தார். தற்காலிக வேலை, மூன்று பிள்ளைகள். வீடு வீடாகப் போய், காய்ச்சல் உண்டா என்று கேட்டு, விரலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுத்துவர வேண்டும். அந்த மாதம் அவருக்கே உடம்பு சரியில்லை. பஸ்ஸுக்குக் காசில்லை, சைக்கிள் மிதிக்கத் தெம்பில்லை. ஊரையெல்லாம் காய்ச்சலா என்று கேட்டவரை யாரும் கேட்கவில்லை. அவர் டவுனில் தம் வீட்டிலேயே உட்கார்ந்து, தம் விரலையே குத்திப் பதினோரு துண்டுகளில் தடவி, ஒரே கிராமத்துக்காரர்கள் பதினோரு பேரின் பெயர்களை எழுதிவிட்டார்.

பதினொன்றிலும் மலேரியாக் கிருமி.

அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் காபி. யூனிட் பிழைத்தது, பயணப்படி தந்தியில் திரும்பி வந்தது. அவர் மட்டும் என் மேசை ஓரம் நடுங்கிக்கொண்டு நின்று உண்மையைச் சொன்னார்.

"சார், எனக்கும் மாத்திரை குடுங்க சார். ஆஸ்பத்திரில கேட்டா, மலேரியான்னா ஒங்க ஆபீஸுதானேங்கிறாங்க."

"உங்க பேர்ல ரிசல்ட் வந்திருக்கா?"

"இல்லிங்க. எம் பேருக்கும் ஒண்ணு குத்திருவோமா?"

"நீங்க இருக்கிறது டவுன்ல. நம்ம யூனிட் கிராமத்துக்கு. டவுன்காரருக்கு நம்மகிட்ட காய்ச்சல் வரக் கூடாது."

நான் கேலி செய்யவில்லை, விதி அப்படி. உண்மையை வெளியே சொன்னால் அவர் வேலை போகும், யூனிட்டும் கூடவே போகும்.

மாத்திரையை மேற்பார்வையாளர் கண்முன்னே விழுங்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அந்தப் பதவியைச் சிக்கனத்துக்காகக் காலியாக வைத்திருந்ததால், மாத்திரை கொடுக்கப் போன அவருடன் நானே போனேன். முதல் வீட்டு விவசாயி வைக்கோல் போரிலிருந்து இறங்கி வந்தார்.

"எனக்கா மலேரியா? என்னைய யாரும் குத்தவே இல்லையேங்க!"

உச்சி வெயிலில் கம்பளி போர்த்தி நின்ற எங்கள் ஊழியரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏந் தம்பி, வெடவெடன்னு ஆடுறது நீங்க, மருந்து எனக்கா? இங்கிட்டு வந்து உக்காருங்க. மாத்திரைய நீங்க முழுங்குங்க, கைநாட்ட நான் வைக்கிறேன். சாரு அங்கிட்டுப் பாத்துக்கிருவாரு."

நான் அங்கிட்டுப் பார்த்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். மருந்து ஐந்து நாளைக்கு; ஐந்து நாளும் இப்படியே நடந்தது. மற்ற பத்துப் பேர் விதிப்படி விழுங்கி, கசப்புக்கு என்னைத் திட்டினார்கள்.

அடுத்த மாதம் மறுபரிசோதனை. இந்த முறை அவர் பதினோரு வீட்டுக்கும் போய் நேர்மையாகவே குத்தினார். ஒருவர் ரத்தத்திலும் கிருமி இல்லை. அத்தனை பேரையும் குணப்படுத்தியதற்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. நோயாளிகள் இல்லாததால் மாத முடிவில் யூனிட்டைக் கலைக்கும் உத்தரவும் அதே உறையில் இருந்தது.

அவர் இரண்டையும் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், இந்தக் காய்ச்சல் ஒரு தடவ வந்தா திரும்பவும் வரும்ங்கிறாங்களே, நெசமா?"

"வரலாம்."

"இந்த மாசக் கடைசிக்குள்ள வருமான்னு டாக்டர்ட்ட கேட்டுச் சொல்றீங்களா?"