ரோடு காலியா?

என் வேனில் ஸ்டியரிங்குக்கு முன்னால், கண்ணாடியோரமாக ஒரு ஜோடி தோல் கையுறை கிடக்கிறது. விரல் நுனிகள் தேய்ந்து, வெயிலில் வெளுத்துப்போயிருக்கும். "அடுப்புல சட்டி எறக்கவாவது ஆகும், குடுங்க" என்று வீட்டுக்காரி பல தடவை கேட்டுவிட்டாள். எனக்குத்தான் கொடுக்க மனசு வரவில்லை. அது ஒரு பிரெஞ்சுக்காரருடையது. வளைகுடாவில் நான் வேலை பார்த்த இடத்தில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பந்தயக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர்.

அதற்கு முன்னால் அவரே பெரிய பந்தயக்காரர். ஒர்க்‌ஷாப் வைத்திருந்த தகப்பனாரின் ஓட்டைக் காரில் தொடங்கி ஐரோப்பா முழுக்க ஓட்டியிருக்கிறார். ஜெயித்ததைவிடக் கவிழ்ந்ததைத்தான் ரசித்துச் சொல்வார். ஒருமுறை கார் தீப்பிடித்து இடது காது சுருங்கிப்போனது. கட்டுப் பிரித்த கையோடு அடுத்த பந்தயத்தில் போய் நின்றாராம். கடைசியில் பந்தயக் கம்பெனிக்காரர்கள் அவருடைய காரை ஓர் இளவட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில் பாலைவனத்துக்கு வந்த மனிதர், உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ரொட்டியைக் கடித்துக்கொண்டே வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். கூட இருந்தால் நமக்கும் இருப்புக்கொள்ளாது. சில நாள் எரிச்சலாகக்கூட வரும். ஓடுபாதையின் வாசலில் கொடியோடு நிற்பதுதான் என் வேலை. உள்ளே நுழையுமுன் ஒவ்வொரு தடவையும், "பாய், காலி?" என்று கேட்பார். அங்கே எல்லாருமே 'பாய்'தான்; 'காலி'யோ அரபிக்காரனுக்கும் இந்திக்காரனுக்கும் நமக்கும் சேர்ந்து புரிகிற சொல். நான் "காலி" என்றால்தான் காலை அழுத்துவார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது.

நான் ஊர் திரும்பி, மில்லுக்கு ஆள் ஏற்ற இந்த வேனை வாங்கிய பிறகு, போன மாசியில் திடீரென்று அருப்புக்கோட்டையில் வந்து இறங்கினார். சோபாவில் உட்கார வைத்தால் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. தண்ணீர்ச் செம்பை நீட்டினால், அவர் கை செம்புக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தது. வீட்டுக்காரி என்னை அடுப்படிக்குள் இழுத்தாள். "ஏங்க, அவுகளுக்குக் கண்ணு தெரியலையோ?" பயணக் களைப்பு என்று சமாளித்தேன்.

மறுநாள் திருச்சுழி ரோட்டில் போகும்போது அரைகுறை இந்தியில் விஷயத்தைச் சொன்னார். அவர் நாட்டில் பழைய பந்தயக்காரர்களை வைத்து ஒரு காட்சி ஓட்டம் நடக்கிறதாம். இவருடைய பழைய காரையே ஓட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள். "அங்கே ஓட்டிப் பார்த்துத் தடுமாறினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இங்கே என்னை யாருக்குத் தெரியும்? சாவியைக் கொடு, பாய்." வேன் என் பிழைப்பு. ஆனால் கேட்கிறவர் அவராயிற்றே. ஓரங்கட்டி இடம் மாறினோம். பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டி, என்ஜினை உறும விட்டார். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். எதிரே ஓர் ஆட்டு மந்தை ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

"பாய், காலி?"

"காலி இல்லை" என்றேன். அதற்குள் ஆடு மேய்க்கிற அம்மா கத்தினாள். "அண்ணே, வண்டிய எடுத்துராதீக! குட்டிக நடுவுல நிக்குது, தாண்டிரட்டும்." குரல் வந்த பக்கம் அப்போதுதான் முகத்தைத் திருப்பினார். கழுத்துமணிச் சத்தம் கருவேலங்காட்டுக்குள் போய் அடங்கியது. ரோடு துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது.

"இப்போ?"

அவ்வளவு ஆசையாகக் கேட்டார். வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே "காலி இல்லை" என்றேன்.

காதைக் கொடுத்துக் கேட்டார். மணிச் சத்தம்கூட இல்லை. நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபித்துக்கொண்டு எடுத்திருக்கலாம்; எடுக்கவில்லை. என்ஜினை அணைத்தார். அவர் வலது கால் அசையாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கையுறையைக் கழற்றிக் கண்ணாடியோரம் வைத்தார். கதவைத் தடவித் திறந்து இறங்கினார். ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்து, ஓட்டத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டதாக மட்டும் சொன்னார்.

இன்றைக்கும் மில் பெண்களை ஏற்றிக்கொண்டு அதே ரோட்டில்தான் போகிறேன். அந்த இடம் வந்தால் கால் தானாகத் தளர்ந்துவிடுகிறது. "என்னண்ணே, ரோடு காலியாத்தான கெடக்கு, அழுத்துங்க" என்று பின்னாலிருந்து சத்தம் போடுகிறார்கள். காலியாகத்தான் கிடக்கிறது. கையுறையைப் பார்த்து, "காலி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் நான் அடுத்த கியரைப் போடுகிறேன்.