தாலி கழுத்தில், வீடு திண்டிவனத்தில்

வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போவது எல்லோரும் செய்கிற காரியம்தான். என் வீட்டுக்காரர் என்னை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு போவார். இரண்டு வருஷம் அப்படி இருந்தேன்.

பெருமுக்கல் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுவோம், கேப்பை போடுவோம். ஒரே பெண். அவளைக் கடலூர் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டோம். அவர் குடிக்க மாட்டார். கை நீட்டவும் மாட்டார். அதனாலேயே என்னால் யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை. ஒருமுறை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். "குடிக்கிறாரா? இல்ல. அடிக்கிறாரா? இல்ல. கதவு சாத்தினா காத்து வராதுன்னு ஒரு கொறையா உனக்கு?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

இதெல்லாம் ஒரு காய்ச்சலில் தொடங்கியது. கழனியில் தண்ணீர் கட்டப் போனவருக்கு எலிக்காய்ச்சல் வந்து, புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் டாக்டர், "சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லிடுங்க" என்றார். அடுத்த நாள் அமாவாசை. பெண்ணை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, விடியற்காலை பஸ் பிடித்து மேல்மலையனூருக்குப் போனேன். அங்காளம்மன் புற்றுக்கு எதிரே முந்தானையை விரித்து மடிப்பிச்சை கேட்டேன். "தாயே, இந்தத் தாலியை நீ எடுத்துக்கோ. இதைக் கட்டினவரை எனக்குக் குடுத்துடு" என்று சொல்லி, கழுத்தில் இருந்த தங்கத்தைக் கழற்றி உண்டியலில் போட்டேன். மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றோடு திரும்பி வந்தேன். அந்த வாரமே அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அம்மன் கொடுத்துவிட்டாள்.

ஆனால் உடம்பு தேறி வீட்டுக்கு வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "நான் சாவக் கெடந்த அன்னிக்கு, நாள் முழுக்க எங்க போன நீ?" என்பதுதான்.

சொன்னேன். நம்பவில்லை. "தாலியை உண்டியல்ல போட்டேன்னு சொல்ற. போட்டியா, குடுத்தியா? யாருக்குக் குடுத்த?" என்றார். பெண் சொல்லியும் நம்பவில்லை. கோயிலுக்கு அழைத்துப்போய்ச் சத்தியம் செய்தேன். அன்றைக்கு அழுதார். அங்கேயே தன் கையால் சின்னதாக ஒரு பொன் தாலி கட்டினார். மறு வாரம் பழையபடி ஆரம்பித்துவிட்டார். முதலில் என் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு பூட்டு வந்தது.

ஒருநாள் காலையில் அவர் மல்லாட்டை மூட்டையோடு திண்டிவனம் போய்விட்டார். நான் உள்ளே இருந்தேன். குளியலறைத் தண்ணீர் போகிற ஓட்டை வழியாக ஒரு நல்ல பாம்பு வந்தது. நான் கட்டில்மேல் ஏறி நின்றேன். அது கதவு ஓரம் போய்ப் படம் எடுத்து நின்றது. பக்கத்து வீட்டு அக்காவும் கழனிக்குப் போயிருந்தாள். கத்தினால் யாருக்கும் கேட்காது, கேட்டாலும் சாவி அவரிடம் இருக்கிறது. மத்தியானம் வரைக்கும் அது கதவைப் பார்த்து, நான் அதைப் பார்த்து. அவர் வந்து கதவைத் திறந்தார். அது அவர் காலைத் தாண்டி வெளியே போனது. அதன் பின்னாலேயே நானும் போனேன்.

படித்தவர்கள் சிரிக்கலாம். நான் எட்டாவது வரைக்கும்தான். புற்றில் இருக்கிறவள்தான் வந்து வழி காட்டினாள் என்று அன்றைக்கு நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். கையில் ஒரு ரூபாய் கிடையாது. நல்ல வேளையாக, டவுன் பஸ்ஸில் பெண்களிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்குவதில்லை.

திண்டிவனத்தில் இறங்கி, ஒரு கடையில் ஃபோன் வாங்கிப் பெண்ணிடம் பேசினேன். அவள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். சம்பந்தி வீட்டில் எத்தனை நாள் இருப்பது? திண்டிவனத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு, தையல் கடையில் சேலைக்கு ஃபால்ஸ் வைத்துத் தைக்கிற வேலையில் சேர்ந்தேன். அவர் கடைக்கு முன்னால் வந்து நிற்பார். ஊர்ப் பெரியவர்களை அழைத்து வருவார். "பொண்டாட்டியைக் கூப்பிட எனக்கு உரிமை இல்லியா?" என்பார். அதுவும் உண்மைதானே.

பெண் ஒரே பிடியாக நின்றாள். "டைவர்ஸ் வாங்கிடும்மா. இன்னும் எதுக்கு அந்தக் கயித்தைப் புடிச்சுக்கினு தொங்குற?"

"அது அவரு கட்டினது மட்டும் இல்லடி. அவகிட்ட நான் பிச்சை எடுத்தது. கெஞ்சி வாங்கினதைக் குப்பையில போடுவாங்களா?"

"அப்ப போய்ப் பூட்டுக்குள்ள இரு."

அதுவும் முடியாது. தாலியும் இருக்க வேண்டும், பூட்டும் இருக்கக்கூடாது. இப்படி ஒரு வழியை எந்தக் கடவுள் கொடுப்பார் என்று இரண்டு மாதம் தூங்காமல் கிடந்தேன்.

கடைசியில் பெண்தான் என்னை விழுப்புரத்தில் ஒரு வக்கீலம்மாவிடம் இழுத்துப்போனாள். என் பெண் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. நான் பாம்பு வரைக்கும் எல்லாம் சொல்லி முடித்தேன். நடுவில் சிரிக்காமல் கேட்டார்.

"உங்களுக்கு விவாகரத்து வேணாம். அவர்கூட ஒரே வீட்டுல இருக்கவும் வேணாம். அவ்ளோதானே?"

"ஆமாம்மா. பேராசைன்னு தெரியுது."

"பேராசை இல்லம்மா, அது சட்டத்துலயே இருக்கு. ஜுடிஷியல் செபரேஷன். நீதிமுறைப் பிரிவுன்னு தமிழ்ல எழுதுவோம். கல்யாணம் அப்படியே இருக்கும். நீங்க அவரு பொண்டாட்டிதான், அவரு உங்க புருஷன்தான். ஆனா சேர்ந்து வாழ வான்னு அவரு கட்டாயப்படுத்த முடியாது. பின்னால ரெண்டு பேருக்கும் மனசு மாறினா, கோர்ட்டுல சொல்லி ரத்து பண்ணிக்கலாம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வக்கீலம்மா, "இன்னும் முடியல, கேளுங்க" என்றார். "ஒரு வருஷம் ஆகியும் நீங்க சேரலேன்னா, ரெண்டு பேர்ல யாரு வேணும்னாலும் விவாகரத்து கேக்கலாம். நீங்க கேக்க மாட்டீங்க. அவரு கேட்டா?"

அது வரும்போது பார்ப்போம் என்று மனு போடச் சொன்னேன்.

கோர்ட்டுக்குப் போகிற அன்றைக்கு நான் ஒரு கூத்து செய்தேன். பிரிவு கேட்டு வருகிறவளின் தாலியைக் கோர்ட்டில் கழற்றி வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். வக்கீலம்மாவிடம் கேட்க வெட்கம். ஜாக்கெட்டோடு சேர்த்துத் தாலிக் கயிற்றில் நாலு தையல் போட்டுக்கொண்டேன். தையல் கடை வேலை அதற்காவது உதவட்டும் என்று. கூண்டில் ஏறினவள், சேலையை இழுத்து மூடி, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா, கழுத்து வலியா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லீங்க ஐயா. தாலியை வாங்கிடுவீங்கன்னு சொன்னாங்க. தச்சுக்கினு வந்திருக்கேன்."

அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இங்க அதெல்லாம் வாங்கறது இல்லம்மா, கையை எடுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, வேணும்னா ஒரேடியா அறுத்துக்கினு போவட்டும். பாதிப் பொண்டாட்டி எனக்கு இன்னாத்துக்கு?" என்று எழுந்து கத்தினார்.

அறுத்துக்கினு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. "ஐயா, இவரு உசுரு நான் மடிப்பிச்சை எடுத்தது. குடுத்தவ வந்து கேட்டா குடுப்பேன். வேற யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன். ஆனா பூட்டுக்குள்ள என்னால இருக்க முடியாது. எனக்குப் பயமா இருக்கு ஐயா."

அவரிடம் நீதிபதி ஒன்றே ஒன்று கேட்டார். "பூட்டினது உண்மையா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "போயிடுவான்னு பூட்டினேன்" என்றார்.

அதற்குப் பிறகும் சில வாய்தா போனது. அவருடைய வக்கீல் அந்த ஒரு வருஷ விவரத்தைச் சொல்லியிருப்பார்போல. "எனக்கு ஆட்சேபணை இல்லை, வருஷம் முடிஞ்சதும் பாத்துக்கறேன்" என்று இவர் சொல்லிவிட்டார். உத்தரவு வந்தது. அன்றைக்குத் திண்டிவனம் வந்து, என் அறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். அவர் கடை முன்னால் வந்து நிற்பதும் நின்றது.

ஆனாலும் அந்த ஒரு வருஷம் தலைக்குமேல் தொங்கியது. பதினொன்று, பன்னிரண்டு மாதம் ஆனதும் தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பினால் நான் உள்ளே போய்விடுவேன். அம்மன் கொடுத்ததை இவர் ஒரு கவரில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயம்.

வருஷம் முடிந்து வந்த அமாவாசை. மேல்மலையனூர் பஸ்ஸுக்குத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் நிற்கிறேன். எதிரே அவர் வந்தார். இளைத்திருந்தார். கையில் மஞ்சள் பை.

"இன்னா, மலையனூருக்கா?"

"ஆமாங்க."

"தெரியும். அமாவாசைன்னா நீ இங்கதான் நிப்பேன்னு வந்தேன்." பையை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"பேப்பருங்களா?"

"இன்னா பேப்பரு?"

"விவாகரத்து."

"பிரிச்சுதான் பாரேன்."

பிரித்தேன். அவித்த மல்லாட்டை. சூடு கூட ஆறவில்லை.

"வக்கீல் ஃபோன் பண்ணாரு. வருஷம் ஆயிடுச்சு, போட்டுடலாமான்னாரு. போட்டு இன்னா பண்ணப் போறேன்? இன்னொருத்தியக் கொண்டாந்து பூட்டி வெக்கவா? வேணாம்னுட்டேன்." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். "வர்றியா வூட்டுக்கு?"

"இல்லீங்க."

"சரி. கேக்காம இருந்துட்டேன்னு இருக்கக்கூடாதுல்ல, அதான் கேட்டேன்."

"உடம்பைப் பாத்துக்கோங்க. இன்னொரு வாட்டி வேண்டிக்க என்னால ஆவாது. தங்கம் விக்கிற வெலைக்கு உண்டியல்ல எதைப் போடறது?"

அவர் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு என் எதிரில் சிரித்தது அன்றைக்குத்தான். "ஜல்தி ஏறு, சீட்டு போயிடும்" என்று சொல்லிவிட்டுப் பெருமுக்கல் பஸ் நிற்கிற பக்கம் நடந்தார்.

கோயிலில் நல்ல கூட்டம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு ஒரு கை மல்லாட்டை கொடுத்தேன். "நல்லா வெளஞ்சிருக்கே, சொந்தக் கொல்லையா?" என்றாள்.

"ஆமா. எங்க வூட்டுக்காரரு போட்டது."

"அவரு வரலியா?"

"அவரு ஊர்ல இருக்காரு. நான் திண்டிவனத்துல இருக்கேன்."

ஏன் என்று அந்த அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், ஒளிக்க ஒன்றும் இல்லை. வரிசை நகர்ந்து, புற்றுக்கு எதிரே போய் நின்றேன். பக்கத்தில் ஒரு பெண் அழுதுகொண்டு முந்தானையை விரித்தாள். நானும் பழக்கத்தில் முந்தானைக்குக் கையைக் கொண்டுபோனேன். எதைக் கேட்பது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கும்பிட்டுவிட்டு, அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தேன்.