கூழ் மட்டும் இறங்கிய மாதங்கள்

முதலில் சிக்கியது பரோட்டா. அடிவாரத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். விழுங்கிய துண்டு நெஞ்சுக்குழிக்கு மேலே நின்றுகொண்டது. தண்ணீர் குடித்ததும் மெல்ல நகர்ந்தது. அவசரமாகத் தின்றதால்தான் என்று நினைத்தேன். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஜீப் ஓட்டுகிறவன் நிதானமாக எங்கே சாப்பிடுவது?

அடுத்தடுத்த மாதங்களில் சோறும் சிக்கியது, இட்லியும் சிக்கியது. நான் கூழுக்கு மாறிக்கொண்டேன். அடிவாரத்துக் கூழ் வண்டியில் கெட்டித் தயிர் ஊற்றிக் கரைத்துத் தருவார்கள். அது தடையில்லாமல் இறங்கியது. பிடித்த உணவு என்பதால் குறையாகவும் தெரியவில்லை.

"என்னண்ணா, டயட்டா?" என்று மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒருநாள் கூழும் நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் என் மனைவி செல்வியிடம் சொன்னேன். மறுநாளே சேலத்துக்கு அழைத்துப்போனாள். எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பது) செய்தார்கள். பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) முடிவும் வந்தது. உணவுக்குழாயில் புற்றுநோய்.

"இத்தன நாளா ஏன் வரலீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கூழ் எறங்கிட்டிருந்துச்சுங்க. அதனால பெருசா தெரியலீங்க."

"கூழ் எறங்குனதாலதாங்க தெரியாமப் போச்சு. இந்த நோய்ல கெட்டியானதுதான் மொதல்ல நிக்கும். இப்பவாவது வந்தீங்களே, பாக்கலாம்."

உங்களில் யாருக்காவது சோறு சிக்கினால், கூழுக்கு மாறாதீர்கள். மருத்துவரிடம் போங்கள்.

கீமோவும் (புற்றுநோய் மருந்தை நரம்பில் ஏற்றுவது) கதிர்வீச்சும் முடிந்து, அறுவைச் சிகிச்சை நடந்தது. உணவுக்குழாயின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, வயிற்றைக் குழாய்போல் ஆக்கி நெஞ்சுக்குள் இழுத்து மேலே இணைத்தார்கள். தையல் ஆறும்வரை வாய்வழியாக எதுவும் இல்லை. குடலில் வைத்த சிறு குழாயில்தான் உணவு.

அந்தப் படுக்கையில் எனக்குப் பிரியாணி ஞாபகம் வரவில்லை. அதிகாலை அடிவாரம்தான் வந்தது. முதல் ட்ரிப்புக்கு முன்னால், பானெட்டில் சாய்ந்து நின்று குடித்த கூழ். பனி மூடிய மலை. சொம்பின் குளிர்ச்சி கையில் ஏறும். புளித்த ராகி வாசமும் பச்சை மிளகாய்க் காரமும் சேர்ந்து மூக்கில் ஏறும். மீசையில் ஒட்டிய தயிரைத் துடைத்துக்கொண்டே "ஏற்காடு, ஏற்காடு" என்று கத்துவேன். அந்தக் குரலும் அந்தப் பசியும் யாரோ ஒருவனுடையவைபோல இருந்தன.

வீடு திரும்பிய பிறகு செல்வி கூழ் காய்ச்சினாள். மாவைப் புளிக்கவிடாமல், துணியில் வடிகட்டி, புதுத்தயிர் கொஞ்சம் சேர்த்துத் தண்ணீராக.

"இது கூழே இல்ல" என்றேன்.

"ஆமாங்க, கூழில்ல. மருந்துன்னு நெனச்சுக் குடிங்க. நல்ல கூழு அப்பறம் காச்சித் தாரேன்."

கோபத்தில் மடமடவென்று குடித்தேன். சற்று நேரத்தில் வியர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடத்தது. செத்தேன் என்றே நினைத்தேன். செல்வி அழுதுகொண்டே மருத்துவமனைக்குப் போன் செய்தாள். பயப்பட வேண்டாம், தேங்கி நிற்க இடமில்லாமல் எல்லாம் ஒரே மூச்சில் குடலுக்குப் போய்விட்டது, இனிமேல் மெதுவாகச் சாப்பிட வேண்டும் என்றார்கள்.

மெதுவாகச் சாப்பிடக் கற்றுக்கொள்வது, மலைப்பாதையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதைவிடக் கடினமாக இருந்தது.

ஒரு கிண்ணம் முடிக்க இப்போது அரைமணி நேரம் ஆகிறது. விழுங்கும் ஒவ்வொரு வாயும் இதயத்தின் பக்கமாக இறங்குவது தெரிகிறது. படுத்தால் மேலே ஏறிவிடும் என்பதால், தலையணைகளை அடுக்கிப் பாதி உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். நாள் முழுவதும் சின்னச் சின்னச் சாப்பாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஜீப்பை விற்றாயிற்று.

கல்யாணமான நாள்முதல் செல்வி எனக்குச் சோறு போட்டுவிட்டு நிற்பாள். நான் கிளம்பிய பிறகுதான் சாப்பிடுவாள். இந்த அரைமணி நேரம் நின்றுகொண்டே இருக்க முடியாது என்பதால், இப்போது தன் கிண்ணத்தோடு எதிரில் உட்காருகிறாள். நான் பேசிக்கொண்டே விழுங்கக் கூடாது. அவள் பேசுகிறாள்.

"எங்கம்மா ஊட்ல கூழுக்குத் தயிரு பத்தாதுங்க. தயிரு ஊத்துன கரண்டிய யாரு வழிக்கிறதுன்னு எனக்கும் தங்கச்சிக்கும் நொம்பச் சண்ட வரும்."

இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத கதை. கரண்டியை நிறுத்திவிட்டு, "யாரு ஜெயிப்பீங்க?" என்றேன்.

"மொதல்ல அந்த வாய முழுங்குங்க. சொல்றேன்."

விழுங்கினேன். அது இறங்கி முடியும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு சொன்னாள்.